பாம்பின் கண்ணை நோண்டாதீர்கள்

"டாக்டர், கண்ணுல பூ விழுந்திருக்கு. ரெண்டு கண்ணுலயும்."

பால் பைத்தான் (Ball python) என்ற ஆப்பிரிக்க மலைப்பாம்பை வீட்டில் வளர்க்க ஆரம்பித்தவர்களின் முதல் அழைப்பு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். கூடவே வாட்ஸ்அப்பில் ஒரு படம் வரும்: நீலம் கலந்த பால் நிறக் கண்கள், மங்கிப்போன உடம்பு, இளஞ்சிவப்பு ஏறிய வயிறு. கடைசியாக எப்போது சட்டை உரித்தது என்று கேட்பேன். "ஒரு மாசம் இருக்கும்" என்பார்கள். அப்படியென்றால் அது நோயே இல்லை, பாம்பு அடுத்த உரிப்புக்குத் தயாராகிறது. பழைய தோலுக்கும் அடியில் உருவாகும் புதிய தோலுக்கும் நடுவே நீர் சுரக்கும். கண்ணை மங்கவைப்பது அந்த நீர்தான். சில நாட்களில் அது வற்றி, கண் தெளிந்துவிடும். அதற்கடுத்த சில நாட்களில் சட்டை கழன்றுவிடும். குட்டிகள் 4 முதல் 6 வாரத்துக்கு ஒருமுறை உரிக்கும். வளர்ந்த பாம்புகளுக்கு இடைவெளி கூடும்.

கண் மங்கியிருக்கும் நாட்களில் பாம்புக்குச் சரியாகப் பார்வை தெரியாது. இரையைத் தொடாது, ஒளிந்து கிடக்கும், தொட்டால் சீறும். அப்போது கையில் எடுக்காதீர்கள், எலியைக் காட்டிக் கட்டாயப்படுத்தாதீர்கள். பதறவேண்டிய நேரம் அதற்குப் பிறகுதான் வரும், அதுவும் சில பாம்புகளுக்கு மட்டும்.

பாம்புக்கு இமை கிடையாது. கருவிலேயே இமைகள் ஒன்றாகச் சேர்ந்து, ஒளி ஊடுருவும் ஒரே செதிலாக மாறிவிடுகின்றன. கைக்கடிகாரத்தின் மேல் கண்ணாடி மாதிரி அது விழியை மூடியிருக்கிறது. அடித்தவனைக் கண்ணில் படம் பிடித்துவைத்துப் பழிவாங்கும் என்று நம் ஊரில் கதை கட்டியதற்கு இந்த இமைக்காத பார்வையும் ஒரு காரணமாக இருக்கலாம். இந்தக் கண்ணாடிச் செதிலுக்கும் விழிக்கும் இடையே கண்ணீர் ஓடுகிறது. அது ஒரு நுண்குழாய் வழியாக வாய்க்குள் வடிகிறது. இந்தக் குழாயை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

ஒவ்வொரு உரிப்பிலும் கண்ணாடிச் செதிலின் மேலடுக்கும் சட்டையோடு சேர்ந்து வரவேண்டும். வந்ததா என்று பார்க்கப் பாம்பைவிட வசதியானது அது கழற்றிப்போட்ட சட்டை. குப்பையில் போடுவதற்கு முன் தலைப்பகுதியை வெதுவெதுப்பான நீரில் நனைத்து விரித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கண் இருந்த இடங்களில் குட்டிக் கிண்ணம் போல் இரண்டு தெளிவான சவ்வுகள் தெரிந்தால் நிம்மதி. வெறும் ஓட்டை இருந்தால் அந்த மேலடுக்கு, அதாவது பழைய கண்மூடி, பாம்பின் கண்ணிலேயே தங்கிவிட்டது. வால் நுனியும் வந்திருக்கிறதா பாருங்கள். ஆரோக்கியமான பாம்பின் சட்டை மூக்கிலிருந்து வால் வரை ஒரே துண்டாக, உட்புறம் வெளியே திரும்பி வரும். துண்டு துண்டாக வந்தால் ஏதோ சரியில்லை.

இந்த இடத்தில்தான் வளர்ப்பவர்களின் கை பரபரக்கிறது. யூடியூபில் செல்லோடேப்பைக் கண்மேல் ஒட்டி, சரக்கென்று இழுத்து, கண்மூடியை எடுத்துக்காட்டுகிறார்கள். செய்யாதீர்கள். ட்வீசரும் வேண்டாம், நகமும் வேண்டாம். பழைய மூடிக்குக் கீழே இருக்கும் புதிய கண்ணாடிச் செதிலும் மெல்லியதுதான். இரண்டும் ஒட்டியிருக்கும்போது எது எங்கே முடிகிறது என்று உருப்பெருக்கி இல்லாமல் எனக்கே தெரியாது. புதிய செதிலும் சேர்ந்து கிழிந்துவந்தால் விழி காற்றுபட்டுக் காய்ந்து, புண்ணாகி, சீழ் கோக்கும். அந்த நிலையில் வரும் பாம்புகளில் சிலவற்றுக்குக் கண்ணையே எடுக்கவேண்டியிருக்கிறது. இன்னொரு கொடுமை, டேப் போட்டு இழுக்கப்பட்ட கண்களில் பழைய மூடியே இல்லாதவையும் உண்டு. பால் பைத்தானுக்கு உடம்பில் நீர் குறைந்தாலே கண்ணின் மேற்பரப்பு லேசாகச் சுருங்கி, பள்ளம் விழுந்ததுபோல் தெரியும். இல்லாத மூடியைத் தேடித்தான் அந்தக் கண்ணைக் கெடுத்திருப்பார்கள்.

ஒரு உரிப்பின் மூடி மட்டும் தங்கியிருந்து, பாம்பு மற்றபடி நன்றாக இருந்தால், கூண்டின் ஈரப்பதத்தைச் சரிசெய்துவிட்டு அடுத்த உரிப்புவரை காத்திருப்பதே பெரும்பாலும் போதும். அடுத்த சட்டையோடு இரண்டும் சேர்ந்து வந்துவிடும். இரண்டு மூன்று உரிப்புகளின் மூடிகள் அடுக்கடுக்காகச் சேர்ந்திருந்தால் மருத்துவரிடம் வாருங்கள். நாங்களும் உடனே பிடுங்கிவிடுவதில்லை. கண் வறட்சிக்கான ஜெல்லைச் சில நாட்கள் தடவி ஊறவைத்து, ஈரப் பஞ்சால் ஓரத்திலிருந்து மெதுவாக உருட்டிப் பார்ப்போம். வரவில்லையென்றால் மறுபடி ஊறவைப்போம். தேங்காய் எண்ணெய், விளக்கெண்ணெய் எல்லாம் தூசியை ஒட்டவைக்குமே தவிர மூடியைக் கழற்றாது.

மூடி ஏன் தங்குகிறது? பெரும்பாலும் குறை கண்ணில் இல்லை, கூண்டில்தான். பால் பைத்தானின் தாயகமான மேற்கு ஆப்பிரிக்கப் புல்வெளி வருடத்தில் பல மாதம் காய்ந்து கிடப்பதுதான். ஆனால் அது பகலைக் கழிப்பது எலி வளைக்குள்ளும் கறையான் புற்றுக்குள்ளும். அங்கே ஈரம் இருக்கும். சென்னைக்காரர்கள் "இங்கதான் எப்பவும் கசகசன்னு இருக்கே, ஈரத்துக்கு என்ன பஞ்சம்?" என்பார்கள். பாம்பு இருப்பதோ ஏசி அறையில். ஏசி காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுகிறது, அதற்குமேல் கூண்டுக்குள் ஹீட் மேட்டோ விளக்கோ போட்டுச் சூடேற்றுகிறோம். சூடேறிய காற்றின் ஈரப்பதம் இன்னும் இறங்கும். மேலே கம்பிவலை போட்ட கண்ணாடித் தொட்டி என்றால் கேட்கவே வேண்டாம்.

பால் பைத்தானுக்குச் சாதாரண நாளில் 60 சதவீத ஈரப்பதம் வேண்டும், உரிக்கும் நாட்களில் 70-ஐத் தாண்டினால் நல்லது. இன்னொரு வளர்ப்புப் பாம்பான கார்ன் ஸ்நேக்குக்கு 40 முதல் 60 போதும். வெப்பமும் முக்கியம்: பால் பைத்தானுக்குச் சூடான மூலையில் 31 முதல் 33 டிகிரி செல்சியஸ், குளிர்ந்த பக்கம் 25 முதல் 27. ஹீட் மேட்டை, சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் ஓட்டாதீர்கள், வயிறு வெந்த பாம்புகளை நான் பார்த்திருக்கிறேன். ஈரமானியைப் பாம்பு படுக்கும் உயரத்தில் வையுங்கள். முள் நகரும் மலிவு வட்ட மீட்டர்களை நான் நம்புவதில்லை. உங்களுடையதைச் சோதிக்க, பாட்டில் மூடியில் கல்லுப்பைப் போட்டுச் சில சொட்டு நீர் விட்டுச் சேறுபோல் குழைத்து, மீட்டரோடு சேர்த்து ஒரு டப்பாவில் காற்றுப் புகாமல் மூடி இரவு முழுக்க வையுங்கள். காலையில் 75 காட்டவேண்டும். 60 காட்டினால் உங்கள் மீட்டர் 15 குறைத்துச் சொல்கிறது.

ஈரத்தைக் கூட்டுகிறேன் என்று கூண்டின் தரையையே சொதசொதவென்று நனைக்கவும் கூடாது. வயிற்றுச் செதில்களில் கொப்புளமும் அழுகலும் வரும், மூச்சுத்தொற்றும் வரும். ஒரு மூடிபோட்ட பிளாஸ்டிக் டப்பாவில் பாம்பு நுழையும் அளவு ஓட்டை போட்டு, பிழிந்தெடுத்த ஈரத்தோடு தென்னைநார்த் துகளோ பாசியோ நிரப்பி உள்ளே வைத்துவிடுங்கள். வேண்டும்போது அதுவே போய்ப் படுத்துக்கொள்ளும். கூடவே உடம்பைத் தேய்த்துக்கொள்ளச் சொரசொரப்பான ஒரு மரக்கட்டையும், உள்ளே இறங்கிப் படுக்கும் அளவுக்குத் தண்ணீர்த் தொட்டியும் இருக்கட்டும்.

உடம்பில் சட்டை ஒட்டியிருந்தால் 28 முதல் 30 டிகிரி நீரில், பாம்பின் பாதி உயரத்துக்கு மட்டும் நீர் விட்டு 20 நிமிடம் விடுங்கள், பக்கத்திலேயே இருங்கள். பிறகு ஈரத்துண்டு வழியாக அதை ஊர்ந்துபோக விட்டால் பெரும்பகுதி கழன்றுவிடும். வால் நுனியில் வளையமாகத் தங்கும் தோலை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். காய்ந்து இறுகி, ரத்த ஓட்டத்தை நிறுத்தி, வால் நுனி கறுத்து உதிரும்.

எல்லாம் சரியாக இருந்தும் திரும்பத் திரும்ப உரிப்பு கெட்டால் உண்ணியைத் தேடுங்கள். பாம்பு நாள் முழுக்கத் தண்ணீர்த் தொட்டியில் கிடப்பதும், நீரில் கரும்புள்ளிகள் தெரிவதும் அறிகுறி. கண்ணாடிச் செதிலின் ஓரப் பள்ளம் உண்ணிக்கு மிகவும் பிடித்த இடம். நாய்க்கு வாங்கிய மருந்தை அளவு தெரியாமல் அடித்துவிடாதீர்கள்.

இனி அந்த நுண்குழாய். பாம்புக்கு வாய்ப்புண் வந்தால் கிருமி அதன் வழியாக மேலேறி, கண்ணாடிச் செதிலுக்கு அடியில் சீழ் கட்டும். பெரும்பாலும் ஒரு கண்ணில் மட்டும், மஞ்சள் கலந்த வெண்மையாக, புடைத்துக்கொண்டு தெரியும். குழாய் அடைத்துக்கொண்டால் சீழில்லாமல் தெளிந்த நீர் சேர்ந்தும் கண் உப்பும். உரிப்புக்கால நீலத்தோடு இதைக் குழப்பிக்கொள்ள வழியில்லை: அது இரண்டு கண்ணிலும் சமமாக வரும், புடைக்காது, தானாகத் தெளியும். இந்தச் சீழுக்கு மெடிக்கல் ஷாப்பில் கண் சொட்டுமருந்து வாங்கி விடுவதில் பயனில்லை, மருந்து அந்தச் செதிலைத் தாண்டி உள்ளே போகாது. மயக்கம் கொடுத்து, செதிலின் கீழ் ஓரத்தில் சின்ன ஆப்பு வடிவில் வெட்டி, கழுவி, வாய்ப்புண்ணுக்கும் சேர்த்து வைத்தியம் பார்க்கவேண்டும். தள்ளிப்போட்டால் கண் போய்விடும்.

மருத்துவரிடம் வரும்போது பாம்பைத் தலையணை உறையில் விட்டு உறையின் வாயைக் கட்டி, காற்றோட்டமுள்ள டப்பாவில் வைத்துக் கொண்டுவாருங்கள். கடைசியாக உரித்த சட்டையை ஒரு கவரில் போட்டு எடுத்துவாருங்கள், கூண்டின் படமும் ஈரமானி காட்டும் எண்ணும் மொபைலில் இருக்கட்டும். பால் பைத்தான், காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் (CITES) என்ற சர்வதேச ஒப்பந்தப் பட்டியலில் இருப்பதால் 2024-இல் வந்த விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்திருக்கவேண்டும். நம் நாட்டுச் சாரையோ மலைப்பாம்போ இருதலை மணியனோ என்றால் பதிவுக்கே இடமில்லை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அவற்றை வீட்டில் வளர்க்கவே கூடாது, வனத்துறைக்குத்தான் தகவல் சொல்லவேண்டும்.