ரூட்டும் வங்குரோத்தும்

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியோரம் நின்று “இது எந்த ரூட் பஸ்?” என்று கேட்டால் “100” என்பார்கள், பாணந்துறை என்று விளங்கிவிடும். பக்கத்து டிக்கெட் கடையில் “பாரிஸுக்கு எந்த ரூட்டில போறீங்கள்?” என்றால், டோஹாவா துபாயா என்று கேள்வி.

ரூட் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். மூலம் லத்தீன் ‘வியா ருப்டா’, அதாவது உடைத்துப் போட்ட வழி. இந்த ருப்டாவே இத்தாலியில் ‘ரொட்டா’ ஆனது. அங்கே இன்றும் ரொட்டா என்றால் கப்பலும் விமானமும் போகும் வழி. உடைந்தது என்றும் பொருள். ‘பாங்கா ரொட்டா’ என்பது உடைந்த பலகை, நொடித்துப்போன கடன் கொடுக்கல் வாங்கல்காரனின் பலகை. ஒல்லாந்தர் வாயில் அது ‘பாங்க்ரூட்’. நம் பத்திரிகைகள் எழுதும் ‘வங்குரோத்து’ம் அந்த வீட்டுப் பிள்ளைதான். தமிழகத்தார் திவால் என்பார்கள்.

இரண்டு சொந்தக்காரரும் 2022இல் கட்டுநாயக்க விமான நிலையத்தில் சந்தித்தார்கள். மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய்க்கு இருந்த டாலர் மே மாதம் 360ஐத் தொட்டது; இடையில், ஏப்ரல் 12இல், வெளிநாட்டுக் கடன் கட்டுவதை அரசு நிறுத்தியது. இங்கே டிக்கெட் விற்பது ரூபாயில். எரிபொருளும் விமானக் குத்தகையும் டாலரில். எரிபொருள் தட்டுப்பட்டதும் நீண்டதூர விமானங்கள் சில திருவனந்தபுரத்தில் இறங்கி நிரப்பிக்கொண்டு பறந்தன. வழியே வளைந்துவிட்டது.

நெருக்கடி வந்தால்தான் வழி மாறும் என்றில்லை. 2016இல் ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸ் பாரிஸ், பிராங்க்ஃபர்ட் சேவைகளை நிறுத்தியது. 2017இல் மெல்பர்ன் தொடங்கியது. பாரிஸில் நம்மவர் அவ்வளவு பேர் இருந்துமா? இருந்தும்தான். நல்லூர்த் திருவிழாவும் பள்ளி விடுமுறையும் சேரும் ஓகஸ்டில் ஆசனம் நிறையும். அப்புறம் வரும் மாதங்களில் யார் போவது? வளைகுடா விமானங்களோ பத்து ஊர்ப் பயணிகளை ஓரிடத்தில் கூட்டி, விலையை இறக்கி ஏற்றிக்கொண்டு போகின்றன. கூட்டம் வேறு, வருமானம் வேறு.

சரி, ரூட்டைத் தமிழில் என்ன சொல்வது? ‘பாதை’ நம் நாவில் இருக்கிறது, ஆனால் அது தார் போட்ட தரையைத்தான் நினைவூட்டுகிறது. என் தெரிவு ‘வழித்தடம்’. தடம் யாரும் வெட்டிப் போடுவதல்ல. கால் பட்டுப் பட்டுப் பதிவது, நடப்பார் இல்லாவிட்டால் புல் மூடிவிடும். விமான சேவைக்கு உடைத்த வழியைவிட இது பொருத்தம். ஒரு விமான நிறுவனத்தின் வழித்தடங்கள் எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்ல ‘வழித்தட வலையமைப்பு’ போதும்.

பஸ்ஸுக்கு மட்டும் ரூட்டே இருக்கட்டும். கண்டக்டரிடம் “வழித்தடம் எது?” என்று கேட்டு முடிப்பதற்குள் 100 தெஹிவளை தாண்டியிருக்கும்.