'கால் வீங்கிடும்' என்று தொடைச்சந்து அறுவையைத் தள்ளிப்போடுகிறவர்களுக்கு

இந்த மாதமும் ஒருவர் வந்தார். ஆணுறுப்பில் வந்த புற்றுக்கட்டியை வேறொரு ஊரில் அகற்றிக்கொண்டவர். 'தொடைச்சந்தில் நெறி உள்ளது, அதையும் எடுக்க வேண்டும், ஒரு மாதத்தில் வரவும்' என்று டிஸ்சார்ஜ் சீட்டில் தெளிவாக எழுதியிருக்கிறது. (நெறி என்பது நிணநீர் முடிச்சு.) ஐயா வந்தது எட்டு மாதம் கழித்து. வலது தொடைச்சந்தில் தோலைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்துவிட்ட புண், அதன்மேல் மடித்து வைத்த பழைய வேட்டித் துணி. கூட வந்த மகனிடம் ஏன் தம்பி இவ்வளவு நாள் என்று கேட்டேன். "நெறியை எடுத்தா யானைக்கால் வந்துடும்னு சொன்னாங்க சார். அதான் கட்டியை எடுத்தாச்சேன்னு விட்டுட்டோம்."

யார் சொன்னது? ஊரில் நாலு பேர். இந்த நாலு பேரும் எந்த ஓ.பி.க்கும் கூட வருவதில்லை.

இந்தப் புற்று, ஆணுறுப்பில் வந்தாலும் பெண்ணுறுப்பின் வெளி இதழ்களில் வந்தாலும், முதலில் போய் உட்காரும் இடம் தொடைச்சந்து நெறிதான். ஆணுறுப்புப் புற்றில் நோயாளி பிழைப்பாரா என்பதைக் கட்டியின் அளவைவிட நெறிதான் அதிகம் தீர்மானிக்கிறது. கட்டி ஆழமாக வேரூன்றியவர்களில் நெறி கைக்கே தட்டுப்படாத நிலையிலும் ஏறக்குறைய நாலைந்து பேரில் ஒருவருக்கு உள்ளே நோய் இருக்கும். ஆகவே கட்டியை எடுத்தது பாதி வைத்தியம்.

இப்போது யானைக்காலுக்கு வருகிறேன், ஏனென்றால் இந்த ஒரு வார்த்தைதான் ஆளைக் கொல்கிறது. யானைக்கால் நோய் கொசுக்கடியால் உடம்பில் புகும் புழுவால் வருவது. கத்தி பட்டு வருவதில்லை, ஒருவரிடமிருந்து நேராக ஒட்டுவதுமில்லை. நெறியை எடுத்த பிறகு கால் வீங்குவது வேறு. அது வரவே வராது என்று பொய் சொல்ல மாட்டேன், சிலருக்கு வரும். பலருக்கு மாலையில் கணுக்கால் கனக்கும், காலையில் வடிந்துவிடும். கொஞ்சம் பேருக்குத் தொடைவரை நிலைத்துவிடும். ஆனால் யாருக்கு அப்படி நிலைக்கிறது என்று பார்த்தால் பெரும்பாலும் தாமதமாக வந்தவர்களுக்குத்தான். நெறி சிறியதாக இருக்கும்போது வந்தால் தோலை விட்டுவிட்டு உள்ளே இருப்பதை மட்டும் எடுக்கலாம். அது தோலோடு ஒட்டிய பிறகு வந்தால் தோலையும் சேர்த்து வெட்டி, தொடையிலிருந்தோ வயிற்றிலிருந்தோ தோலும் சதையுமாகத் திருப்பி வைத்து மூட வேண்டும். அதோடு போகாது, மேலே கரண்டும், அதாவது கதிர்வீச்சும், வைக்க வேண்டிவரும். அறுவையும் கரண்டும் ஒரே தொடைச்சந்தில் சேர்ந்தால் வீக்கத்துக்கு அதைவிடப் பெரிய காரணம் வேண்டாம். எதற்குப் பயந்து ஒத்திப்போட்டார்களோ அதை இருமடங்காக வாங்கிக்கொள்கிறார்கள்.

அறுவையே வேண்டாமென்று இருந்தால் கால் வீங்காதா? புற்று நெறியே நிணநீரை அடைத்து வீங்க வைக்கும். கடைசியில் தொடையின் பெரிய ரத்தக்குழாயை அரித்து, ஒரு நாள் வீட்டிலேயே ரத்தம் பீறிடும். அதைப் பார்த்த குடும்பம் பிறகு யாருக்கும் யானைக்கால் கதை சொல்லாது.

இந்த அறுவைக்குக் கெட்ட பெயர் சும்மா வரவில்லை என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். பழைய முறையில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குக்கூட ஏதாவது ஒரு சிக்கல் வந்தது: தையல் ஓரம் கறுத்துப்போவது, சீழ், நீர் கோத்தல், வீக்கம். அதற்காகத்தான் அறுவை முறையே மாறியது. 1988இல் அமெரிக்க சர்ஜன் கேட்டலோனா சொன்ன முறையில் கீறல் சிறியது. தொடையின் வெளிப்பக்கம் போகாமல் தொடைத் தமனியோடு நிறுத்திக்கொள்வார்கள், தோலுக்கடியில் ஓடும் சாஃபினஸ் சிரையைக் காப்பாற்றுவார்கள். துளை போட்டு கேமரா வழியாகச் செய்வதும் இப்போது உண்டு, தோல் ஓரம் சாவது அதில் குறைவு.

முதலில் நிணநீர் போய்ச் சேரும் காவல் நெறியை மட்டும் எடுத்துச் சோதிக்கும் யோசனையை ஆணுறுப்புப் புற்றில் 1977இலேயே கபானாஸ் என்ற சர்ஜன் சொன்னார். இப்போது கதிரியக்க மருந்தும் நீலச் சாயமும் போட்டு அதைக் கண்டுபிடிக்கிறோம். பெண்ணுறுப்புப் புற்றில், 4 செ.மீ.க்குக் குறைவான கட்டியுள்ள பெண்களிடம் செய்து 2008இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில், காவல் நெறியோடு நிறுத்தியவர்களில் நூற்றுக்கு 1.9 பேருக்குத்தான் கால் வீக்கம் நிலைத்தது. எல்லா நெறியையும் எடுக்க வேண்டிவந்தவர்களில் அது 25.2. தையல் பிரிந்தது 11.7க்கு எதிராக 34. இந்த வாய்ப்பு சீக்கிரம் வருகிறவர்களுக்கு மட்டும். நெறி கையில் உருளும் நிலையில் வந்துவிட்டு அதைக் கேட்டால் என்னால் தர முடியாது.

(இளம் சர்ஜன்கள் யாராவது படித்தால்: கீறலைத் தொடைச்சந்து மடிப்புக்கு இணையாகப் போடுங்கள். தோலை மெலிதாகச் சீவாதீர்கள், ஸ்கார்ப்பா படலத்துக்கு மேலுள்ள கொழுப்பு தோலோடு நிற்கட்டும், தோலுக்கு ரத்தம் அதில்தான் ஓடுகிறது. ஓரம் நீலம் பாரித்தால் மூடுமுன்பே வெட்டிவிடுங்கள், மூன்றாம் நாள் டிரெஸ்ஸிங்கில் கறுத்த பிறகு வருத்தப்பட வேண்டாம். நிணநீர்க் குழாயை டயதெர்மியால் சுட்டு நம்பாதீர்கள், கட்டுங்கள் அல்லது கிளிப் போடுங்கள்.)

நோயாளியின் கையில் இருப்பதும் கொஞ்சமல்ல. பீடி, சிகரெட்டை அறுவைத் தேதி குறித்த அன்றே நிறுத்துங்கள். தையல் பிரிகிறவர்களில் புகைக்கிறவர்களே அதிகம். சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவாருங்கள். கால் விரலிடுக்கில் சேற்றுப்புண் இருந்தால் முன்கூட்டியே காட்டுங்கள், கிருமிக்கு அதுதான் வாசல்.

பத்தியம் பற்றி எத்தனை தடவை சொல்வது? முட்டை வேண்டாம், கோழி வேண்டாம், மீன் சூடு, கத்திரிக்காய் அரிக்கும் என்று கஞ்சியை மட்டும் ஊற்றி அனுப்புகிறார்கள். அறுவை செய்த இடத்தில் நீர் வடிய வைத்த குழாயில் தினமும் வடிவது வெறும் தண்ணீர் அல்ல, புரதம். புண் ஆற முட்டையும் பருப்பும் மீனும் வேண்டும். கொடுங்கள் அம்மா, தயவுசெய்து கொடுங்கள்.

அறுவை முடிந்தால் படுத்தே கிடப்பது பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள். தையல் நடப்பதால் பிரிவதில்லை. படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் உறைந்து, கட்டி நுரையீரலுக்குப் போகும். அதற்குத்தான் வயிற்றில் அந்த ஹெப்பாரின் ஊசி. சிலருக்கு வீட்டுக்குப் போன பிறகும் தொடரும், பாதியில் விடக் கூடாது. பாதத்தைக் கீழும் மேலும் ஆட்டும் பயிற்சியைப் படுக்கையிலேயே தொடங்குங்கள், மறுநாள் எழுந்து நடங்கள். சதை திருப்பி வைத்தவர்களுக்கு மட்டும் நாங்கள் வேறு சொல்வோம். கெண்டைக்கால் வலித்து இறுகினாலோ திடீரென மூச்சு வாங்கினாலோ காலைவரை காத்திருக்காமல் அந்த நேரமே கிளம்பி வாருங்கள்.

குழாய் உறுத்துகிறது என்று பக்கத்து கிளினிக்கில் பிடுங்கிவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு நாளில் வடிவது ஐம்பது மில்லிக்குக் கீழே இறங்கியபின், நாங்கள் பார்த்து எடுப்போம். சிலருக்கு ஒரு வாரம், சிலருக்கு மூன்று வாரம்கூட ஆகும். பாட்டிலில் எவ்வளவு என்று தினம் எழுதி வைத்தாலே பாதி வேலை முடிந்தது. எடுத்த பிறகு நீர் கோத்து மெத்தென்று புடைத்தால் அங்கே யாரும் ஊசி குத்தி உறிஞ்சக் கூடாது. தெளிந்த நீராக வந்ததைச் சீழாக்கி அனுப்புவது பெரும்பாலும் அந்த ஊசிதான்.

எண்ணெய் போட்டு அழுத்தி உருவிவிடுவது வேண்டவே வேண்டாம். நிணநீரை வடிக்கும் மசாஜ் பூப்போலத் தடவுவது, பிசியோதெரபிஸ்ட் ஒரு முறை கற்றுக்கொடுப்பார். அழுத்தக் காலுறையைக் காலையில் வீக்கம் ஏறுமுன் மாட்டி இரவில் கழற்றுங்கள், ஆறு மாதத்தில் அது தளர்ந்துவிடும், புதிது வாங்குங்கள். வயலில் இறங்குகிறவர்கள் வெறுங்காலோடு இறங்க வேண்டாம். தினமும் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கை ஈரம் போகத் துடையுங்கள். குளிர்க்காய்ச்சலோடு கால் சிவந்து சூடானால் மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டு உட்காராமல் அன்றே ஆன்டிபயாட்டிக் தொடங்குங்கள். ஒவ்வொரு முறை அப்படிக் காய்ச்சல் வந்து போகும்போதும் வீக்கம் ஒரு படி கூடித்தான் நிற்கும். அடிக்கடி வருகிறவர்களுக்கு மூன்று வாரத்துக்கொரு பென்சிலின் ஊசி உண்டு, கேளுங்கள்.

பெண்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். அந்த இடத்தில் அரிப்பும் வெள்ளைத் திட்டும் ஆறாத புண்ணும் இருந்தால் கடையில் களிம்பு வாங்கி வருடக்கணக்கில் தடவாதீர்கள். பெண் மருத்துவர்தான் வேண்டுமென்றால் தாராளமாகக் கேளுங்கள், ஏற்பாடு செய்வார்கள்.

வேறு இடத்தில் கட்டியை எடுத்தவர்கள் வரும்போது பயாப்ஸி ரிப்போர்ட்டை மட்டும் கொண்டுவராதீர்கள். அந்த மருத்துவமனையில் பாரஃபின் பிளாக்கையும் (கட்டியின் துண்டை மெழுகில் பதித்து வைத்தது) கேட்டு வாங்கி வாருங்கள், கேட்டால் தருவார்கள். கட்டி எந்தத் தரம், எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று அதில் மறுபடி பார்த்துத்தான் காவல் நெறியோடு நிறுத்தலாமா, முழுவதும் எடுக்க வேண்டுமா என்று முடிவு செய்ய முடியும்.