மருந்துக்கு விலக்கு உண்டு, மருந்துப் பணத்துக்கு வழியில்லை

"உணவுக்கும் மருந்துக்கும் தடையில்லை என்று அமெரிக்கா சொல்கிறதே, அப்புறம் ஈரானில் ஏன் தட்டுப்பாடு?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். சட்டத்தில் விலக்கு இருப்பது உண்மைதான். ஆனால் சரக்கு வர வேண்டுமென்றால் பணம் போய்ச் சேர வேண்டும். 2018 மே மாதம் ஈரானுடனான அணுசக்தி ஒப்பந்தத்திலிருந்து அமெரிக்கா விலகியது. நவம்பரில், நாடுகளுக்கிடையே வங்கிகள் பணப் பரிமாற்றத் தகவல் அனுப்பும் ஸ்விஃப்ட் அமைப்பு ஈரானிய வங்கிகள் பலவற்றைத் துண்டித்தது. சூடான், ஈரான், கியூபா மீதான அமெரிக்கத் தடைகளை மீறியதற்காக 2014-இல் பிரான்ஸின் பிஎன்பி பாரிபா வங்கிக்கு விழுந்த தண்டம் கிட்டத்தட்ட 900 கோடி டாலர். அதைப் பார்த்த பிறகு, சில லட்சம் யூரோ மருந்து பில்லுக்காக எந்த வங்கி துணியும்?

மாத்திரைகளில் பெரும்பகுதியை ஈரானே தயாரித்துக்கொள்கிறது. சிக்கல், எளிதில் மாற்று கிடைக்காத பொருள்களில்தான். எபிடெர்மோலைசிஸ் புல்லோசா என்ற பரம்பரை நோயை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஒரு கடுமையான வகையில், மேல்தோலை அடித்தோலோடு பிணைக்கும் ஏழாம் வகைக் கொலாஜன் என்ற புரதம் பழுதாகிவிடுகிறது. சட்டைத் தையல் உரசினாலே தோல் கொப்பளித்து உரியும். இந்தக் குழந்தைகளுக்கு ஸ்வீடனின் மோல்ன்லிக்கே நிறுவனம் தயாரிக்கும் சிலிக்கோன் நுரைக் கட்டுகள் வந்துகொண்டிருந்தன. 2018-இல் தடைகளைக் காரணம் காட்டி நிறுவனம் அதை நிறுத்திவிட்டது.

அந்தக் கட்டில் அப்படி என்ன இருக்கிறது? சாதாரண பிளாஸ்திரியின் அக்ரிலிக் பசை, ஒட்டிய பிறகும் மெல்ல வழிந்து தோலின் நுண்பள்ளங்களில் இறங்கும்; நேரம் ஆக ஆகப் பிடி இறுகும். உரிக்கும்போது இழுவிசை ஒரு மெல்லிய கோட்டில் குவிவதால், பசை விடுவதற்குள் மேல்தோல் பெயர்ந்துவிடும். சிலிக்கோன் ஜெல் மிக மிருது. வைத்த கணமே மேடுபள்ளம் எல்லாம் படிந்துவிடுவதால் லேசான பிடியே போதும், அந்தப் பிடியும் பிறகு அதிகம் இறுகுவதில்லை. உரிக்கையில் ஜெல் தானே நீண்டுகொடுத்து விசையைப் பரப்பிவிடும். இதைவிட அழகு, அது ஈரத்தில் ஒட்டாது என்பது. திறந்த புண்ணை விட்டுவிட்டுச் சுற்றியுள்ள உலர்ந்த தோலை மட்டும் பிடித்து, ஓரத்தை அடைத்துக்கொள்ளும். கசியும் நீரை மேலேயுள்ள பாலியூரித்தேன் நுரை உறிஞ்சும். பிரிக்காமல் சில நாள் விட்டுவைக்கலாம்.

காஸ் துணி இந்த வேலைக்கு ஆகாது. கசிந்த நீர் நூலோடு காய்ந்து இறுகும். புதுத் திசு வலைக்கண்களுக்குள் வளர்ந்துவிடும். உப்புநீரில் ஊறவைத்து எடுத்தாலும் புதுத்தோல் கிழிந்து வரும். ஒவ்வொரு முறை கட்டு மாற்றும்போதும் இதே கதைதான். ஆறாத புண்ணில் கிருமி ஏறும், புரதமும் ரத்தமும் வீணாகும், தழும்பேறி விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போகும்.

மருந்துக்கும் உணவுக்கும் இடையூறு கூடாது என்று 2018 அக்டோபரில் சர்வதேச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆனாலும் 2019 செப்டம்பரில் ஈரானின் மத்திய வங்கிமீதே அமெரிக்காவின் புதிய தடை விழுந்தது. மாறாக, 2020 ஜனவரியில் புற்றுநோய், உறுப்புமாற்று மருந்துகளுக்கான சுமார் 23 லட்சம் யூரோ சுவிட்சர்லாந்து வழியாகக் கைமாறியது. அந்த ஏற்பாட்டுக்கு அமெரிக்கக் கருவூலத்தின் உறுதி இருந்தது. ஈரானிய ஆட்சியாளர்கள்மீது யாருக்கு என்ன கோபம் இருந்தாலும், காயக்கட்டுக்கும் அப்படியொரு உறுதியை எழுத்தில் கொடுப்பதில் எந்த நியாயமான தடங்கலும் எனக்குத் தெரியவில்லை.