செட்டிநாட்டில் போவா: குளிருக்கு அல்ல, வெயிலுக்குத்தான் பயப்பட வேண்டும்

போவா பாம்பு வளர்ப்புக் குறிப்புகள் பலவும் பனி பெய்யும் நாடுகளில் எழுதப்பட்டவை. கூண்டை எப்படிச் சூடாக்குவது என்பதிலேயே பாதி போய்விடும். கத்திரி வெயிலில் காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ அதை அப்படியே பின்பற்றினால் பாம்பு வெந்துவிடும். மத்திய, தென் அமெரிக்கக் காடுகளின் பாம்புதானே, எந்த வெயிலும் தாங்கும் என்று நினைக்கிறார்கள். காட்டில் அது நிழலையும் வளையையும் தேடித் தானே நகர்ந்துகொள்ளும். பெட்டிக்குள் எங்கே போகும்?

வெயிலுக்கு முன்னால் காகிதம். போவா கன்ஸ்டிரிக்டர் என்னும் இந்தப் பாம்பு, வனவிலங்கு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருப்பதால், 2022ல் திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் நான்காம் அட்டவணைக்குள் வருகிறது. 2024ல் வந்த விதிகளின்படி, கைக்கு வந்த 30 நாளுக்குள் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். விற்பவரிடம் அவர் பெயரில் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். "காகிதம் பின்னாடி வரும்" என்றால் குட்டியும் பின்னாடியே வரட்டும்.

போவா என்று சொல்லி நம்மூர் மலைப்பாம்புக் குட்டியை நீட்டினால் ஏமாறாதீர்கள். மேலுதட்டுச் செதில்களைப் பாருங்கள். மலைப்பாம்புக்கு அங்கே சிறு குழிகள் இருக்கும், போவாவுக்கு இருக்காது. மலைப்பாம்பின் தலையில் அம்பு முனை போன்ற பட்டை இருக்கும். போவாவின் தலை நடுவில் மூக்கிலிருந்து ஒரு மெல்லிய கருங்கோடுதான் ஓடும். மலைப்பாம்பு முதல் அட்டவணை விலங்கு. வைத்திருந்தால் குறைந்தது 3 ஆண்டு சிறை. மண்ணுளிப் பாம்புக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு, அதையும் தொடக்கூடாது.

குட்டியைக் கையில் எடுத்துப் பாருங்கள். உடல் உருண்டு, பிடி இறுகலாக இருக்க வேண்டும். முதுகெலும்பு துருத்தினால் வேண்டாம். வாயோரத்தில் நுரை, மூச்சில் விசில் சத்தம், கண்ணைச் சுற்றி நகரும் கரும்புள்ளிகள், அதாவது உண்ணிப்பேன், இவற்றில் எது இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். மெதுவாக மல்லாத்தினால் உடனே தானாகப் புரள வேண்டும். புரளத் தடுமாறுவதும், தலையை அண்ணாந்து வானம் பார்ப்பதும் ஐ.பி.டி. என்னும் வைரஸ் நோயின் அறிகுறிகள். அதற்கு மருந்து கிடையாது. வெளியே தெரியாமல் ஆண்டுக்கணக்கில் உள்ளுக்குள் இருக்கவும் கூடும். அதனால் வீட்டில் வேறு பாம்பு இருந்தால் புதியதை 90 நாள் தனி அறையில், தனி இடுக்கி, தனித் தண்ணீர்ச் சட்டியோடு வையுங்கள். இடம் குறைவென்றால் ஆண் குட்டியே நல்லது. பெரும்பாலும் 5 முதல் 6 அடியில் நின்றுவிடும். பெண் 8 அடியும் தாண்டலாம். ஆயுள் 20 முதல் 30 ஆண்டு. திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் திறக்கிற வீட்டில், வாட்ச்மேனை நம்பி வளர்க்கிற பிராணி இல்லை இது.

வளர்ந்த பாம்புக்கு 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரப் பெட்டி வேண்டும். பழைய தேக்கு அலமாரியைக் கூண்டாக மாற்றும் ஆசை இந்த ஊரில் எல்லோருக்கும் வரும். ஆனால் பல வருடம் பாச்சை உருண்டை போட்டு வைத்த மரத்தில் அந்த வாசனை ஊறிப்போயிருக்கும். நாப்தலீன் பாம்புக்கு விஷம். பினாயில் போட்டுக் கூண்டு துடைப்பதும் அப்படித்தான்.

சூடான முனை 31–32 டிகிரி, குளிர்ந்த முனை 25–27 டிகிரி. ஒவ்வொரு முனையிலும் ஒரு வெப்பமானி, ஒரு பதுங்குமிடம். 35ஐத் தாண்டினால் ஆபத்து. தெர்மோஸ்டாட் என்னும் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி சூட்டை நிறுத்தும், குளிர்விக்காது. இதை மறந்துவிடுகிறார்கள். மார்ச் முதல் ஜூன் வரை பகலில் சூடாக்கும் விளக்குக்கு வேலையே இல்லை. மொட்டை மாடி அறை, தகரக் கூரை அறை கூடவே கூடாது. கனத்த சுவரும் உயர்ந்த கூரையும் உள்ள, வளவை, அதாவது உள்முற்றத்தை ஒட்டிய தரைத்தள அறைதான் சரி. குளிர்ந்த முனையில் ஒரு ஆத்தங்குடிக் கல்லைப் பதித்தால் பாம்பு அதன்மேல் சுருண்டுகொள்ளும். இன்வெர்ட்டர் பெரும்பாலும் மின்விசிறியைத்தான் ஓட்டும், ஏ.சி.யை ஓட்டாது. அதனால் ஃப்ரீசரில் இரண்டு தண்ணீர் பாட்டில் எப்போதும் உறைந்திருக்கட்டும். கரண்ட் போனால் துண்டில் சுற்றிக் குளிர்ந்த முனையின் வலைமேல் வையுங்கள். வாயைத் திறந்தபடி நிலைகொள்ளாமல் அலைந்தால் சூடு ஏறிவிட்டது என்று பொருள். மிதமான தண்ணீரில் விட்டு மெல்லத் தணியுங்கள். ஐஸ் தண்ணீர் வேண்டாம். மார்கழி, தை இரவுகளில் மட்டும் தெர்மோஸ்டாட்டோடு சூட்டுப்பாய் தேவைப்படும்.

ஈரப்பதம் 60 சதவீதத்தை ஒட்டி இருக்கட்டும், சட்டை உரிக்கும் வாரத்தில் 70க்கு மேல். ஏ.சி. காற்று உலர்த்திவிடும். சட்டை துண்டுதுண்டாக வந்தால், கண்ணின் மேல்தோல் உரியாமல் நின்றால், அதுதான் காரணம். ஒட்டி நிற்கும் தோலைச் சாமணத்தால் பிய்க்கக் கூடாது. கீழே விரிக்கத் தென்னை நார்த்தூள் போதும், சிங்கம்புணரிப் பக்கம் தாராளமாகக் கிடைக்கும். உப்பு போக இரண்டு முறை அலசி, பிழிந்தால் உருண்டை பிடிக்கும், தண்ணீர் சொட்டாது என்ற பதத்தில் 3 அங்குலம் பரப்புங்கள். ஐப்பசி மழையில் மேலே காய்ந்த தூளைப் போட்டுக் காற்றோட்டம் கொடுக்காவிட்டால் வயிற்றுச் செதில்கள் கொப்புளித்து அழுகும்.

விருந்தோம்பல் ஊரில் தீனியைப் பற்றிச் சொல்வது கொஞ்சம் கஷ்டம். போவாவுக்கு "இன்னும் ஒண்ணு" கிடையாது. குட்டிக்கு 10 முதல் 14 நாளுக்கு ஒரு சிறு சுண்டெலி. வளர்ந்ததற்கு 4 முதல் 6 வாரத்துக்கு ஒரு எலி, பாம்பின் உடல் தடிமனுக்கு மேல் போகாத அளவில். அதிகம் கொடுத்தால் ஈரலில் கொழுப்பு சேர்ந்து ஆயுள் குறையும். உறைய வைத்த எலியை முதல் நாள் இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து, மறுநாள் வெந்நீரில் உடல் சூட்டுக்குக் கொண்டுவந்து, நீள இடுக்கியால் நீட்டுங்கள். உயிருள்ள எலி பாம்பையே கடித்துக் குதறும். வீட்டில் பிடித்த எலியில் எலிமருந்து இருக்கலாம். கறிக்கடைக் கோழித் துண்டில் முழு இரையின் சத்து இல்லை. தின்றபின் 3 நாள் தொடாதீர்கள். கக்கிவிட்டால் இரண்டு வாரம் பட்டினி போட்டு, அடுத்து பாதி அளவு கொடுங்கள். மறுபடி கக்கினால் மருத்துவரிடம் போங்கள்.

ஆறடிக்கு மேலான பாம்பைத் தனியாளாக எடுக்கக் கூடாது, கழுத்தில் போடவே கூடாது. தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். சால்மோனெல்லா கிருமி உண்டு. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளை நெருங்க விடாதீர்கள்.

பூட்டு இல்லாத கூண்டிலிருந்து பாம்பு வெளியேறிவிட்டால் முதலில் அறையின் கதவையும் சாக்கடை வாயையும் அடையுங்கள். அலமாரிக்குப் பின்னால், மெத்தைக்குள், ஃப்ரிட்ஜ் மோட்டாரின் அடியில் தேடுங்கள். கிடைக்காவிட்டால் இரவில் ஒவ்வொரு வாசற்படியிலும் மாவு தூவி வையுங்கள், தடம் தெரியும். அக்கம்பக்கத்துக்கு அன்றைக்கே சொல்லிவிடுங்கள். கம்போடு ஓடி வருகிறவருக்கு அது மலைப்பாம்பா போவாவா என்று தெரியப் போவதில்லை.