பக்கத்து சைட்டுக்குத்தானே, சும்மா ஏத்து

ஒரு சைட்டில் தோண்டுகிற வேலை முடிந்துவிட்டது. அடுத்த சைட் மூன்று கிலோமீட்டர் தள்ளி. அங்கிருந்து போன் மேல் போன். ட்ரெய்லர் வந்து நின்றதும் எக்ஸ்கவேட்டரை மேலே ஏற்றி, முன்னால் ஒன்று பின்னால் ஒன்று என்று இரண்டே சங்கிலியை மாட்டிவிட்டு, "பக்கத்துலதானே, மெதுவாப் போயிடலாம்" என்று கிளம்பிவிடுகிறார்கள். கட்டுமான இயந்திரங்களை இடம் மாற்றும் வேலையை மேற்பார்வை பார்க்கிற எனக்குப் பயம் 500 கிலோமீட்டர் பயணத்தைப் பற்றி இல்லை, இந்த மூன்று கிலோமீட்டரைப் பற்றித்தான். தூரப் பயணம் என்றால் எல்லோருமே ஒழுங்காகக் கட்டிவிடுகிறார்கள்.

என் கண் முன்னால் நடந்ததைச் சொல்கிறேன். மழை விட்ட காலை, 20 டன் செயின் வண்டி, அதாவது டயருக்குப் பதில் ட்ராக் என்கிற இரும்புப் பட்டையில் ஓடும் எக்ஸ்கவேட்டர், அந்த ட்ராக்கில் அப்பியிருந்த சேற்றைக்கூட யாரும் தட்டவில்லை. கேட்டைத் தாண்டி முதல் திருப்பத்தில் ஒரு பைக் குறுக்கே வர, டிரைவர் பிரேக்கை மிதித்தார். ட்ரெய்லர் நின்றுவிட்டது, மேலே இருந்த இயந்திரம் நிற்கவில்லை. இரண்டடி முன்னால் வழுக்கிப் போய் ட்ரெய்லரின் கழுத்தில், அதாவது முன்பக்கம் உயர்ந்திருக்கும் பகுதியில், பக்கெட் இடித்துத்தான் நின்றது, பின்பக்கச் சங்கிலி அறுந்து தொங்கியது. வேகம் முப்பதுகூட இருக்காது. யாருக்கும் அடிபடவில்லை என்பது அதிர்ஷ்டம், எங்கள் சாமர்த்தியம் இல்லை.

சரி, ஏன் வழுக்கியது? இரும்பு ட்ராக், இரும்புத் தளம், நடுவில் ஈரச் சேறு. இந்த மூன்றும் சேர்ந்தால் பிடிப்பு என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமே மிஞ்சாது. "20 டன் எடை இருக்கு, எங்க நகரப் போகுது" என்பார்கள். பிரேக் போடும்போது அந்த எடைதானே முன்னால் தள்ளுகிறது! வண்டியில் சுமையைக் கட்டும் முறைக்கான அமெரிக்க விதியும் ஐரோப்பியத் தரமும் ஒரே கணக்கைத்தான் வைத்திருக்கின்றன. முன்பக்கமாக எடையில் 0.8 பங்கு விசையையும், பக்கவாட்டிலும் பின்பக்கமும் 0.5 பங்கையும் தாங்க வேண்டும். 20 டன்னுக்கு முன்பக்கம் மட்டும் 16 டன். ஏற்றும் முன் ட்ராக்கைச் சுரண்டிச் சுத்தம் செய்வதும், தளத்தில் மரப்பலகையோ ரப்பர் விரிப்போ போடுவதும் பத்து நிமிட வேலைதான். சுத்தம் செய்வதில் இன்னொரு லாபமும் உண்டு, ட்ராக்கில் சிக்கிய கல் பின்னால் வருகிறவரின் கண்ணாடியில் போய் விழாது.

இப்போது சங்கிலிக்கு வருவோம், அதிகம் பேர் ஏமாறுவது இங்கேதான். அந்த அமெரிக்க விதிப்படி சுமார் 4.5 டன்னுக்கு மேற்பட்ட இயந்திரத்துக்குக் குறைந்தது நான்கு கட்டுகள் வேண்டும். இதைக் கேட்டுவிட்டு நான்கு மூலையிலும் மாட்டினால் முடிந்தது என்று நினைக்கிறார்கள். ஆனால் கட்டுகளின் மொத்தத் தாங்குதிறன் எடையில் பாதியாவது வர வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது. தளத்தில் ஒரு முனை, இயந்திரத்தில் ஒரு முனை என்று மாட்டுகிற சங்கிலியை அதன் திறனில் பாதியாகத்தான் கணக்கில் சேர்ப்பார்கள். கிரேடு என்பது சங்கிலி இரும்பின் வலிமை வகை. கிரேடு 70 சங்கிலியில் 3/8 அங்குலத்தின் வேலைத் திறன் (அறுந்துபோகும் எல்லைக்கு வெகு கீழே, பாதுகாப்பாகப் பயன்படுத்தும் அளவு, இந்தக் கணக்கில் திறன் என்பது இதுதான்) கிட்டத்தட்ட 3 டன், அதில் பாதி 1.5. நான்கு போட்டால் 6 டன். 20 டன் இயந்திரத்துக்கு வேண்டியதோ 10. ஆக அந்தச் சங்கிலியில் ஏழு வேண்டும், அல்லது 5.1 டன் தாங்கும் அரை அங்குலச் சங்கிலி நான்கு. உங்கள் ஊர் விதி எதுவாக இருந்தாலும் இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பாருங்கள். சங்கிலியில் கிரேடு முத்திரையே இல்லையா? அதைத் தனியாகத் தூக்கிப் போடுங்கள். இறுக்கும் பைண்டருக்கும் தளத்தில் இருக்கும் வளையத்துக்கும்கூடத் திறன் உண்டு, சங்கிலி எவ்வளவு முரட்டுத்தனமாக இருந்தாலும் இவற்றில் எது பலவீனமோ அதுதான் கணக்கு.

திசையும் முக்கியம். இயந்திரம் முன்னால் வழுக்கும்போது அதைப் பிடித்து நிறுத்துவது பின்னோக்கி இழுத்துக் கட்டிய ஜோடிதான். முன்னால் இருக்கும் ஜோடி அந்த நேரத்தில் தளர்ந்து சும்மா கிடக்கும். அதிலும் செங்குத்தாகக் கட்டினால் இழுவையில் பெரும்பகுதி கீழ்நோக்கியே போய்விடும், தளத்துக்கு 60 டிகிரி சாய்வு இருந்தால் முன்பின் திசையில் கிடைப்பது பாதிதான். முடிந்தவரை படுத்த மாதிரி கட்டுங்கள். கொக்கியைக் கம்பெனிக்காரர் கட்டுவதற்கென்று குறித்திருக்கும் இடத்தில்தான் மாட்ட வேண்டும். ஹைட்ராலிக் சிலிண்டரிலும் கைப்பிடிக் கம்பியிலும் மாட்டியதையெல்லாம் பார்த்திருக்கிறேன், என்ன சொல்ல.

பூமை, அதாவது எக்ஸ்கவேட்டரின் நீளக் கையை, தாழ்த்தி, பக்கெட்டைத் தளத்தில் ஊன்றி வைத்து, அதற்கும் தனியாக ஒரு சங்கிலி. சுழலும் மேல்பகுதிக்கு லாக் இருந்தால் போடுங்கள். நடுவில் மடங்கும் லோடர் என்றால் அந்த மடிப்பை லாக் செய்யாமல் நகர்த்தவே கூடாது. உபரி பக்கெட், பின், ஸ்பேனர் எதையும் அப்படியே மேலே போட்டு எடுத்துப் போகாதீர்கள். புகைக்குழாய் வாயை மூடிவிடுவதும் நல்லது. எஞ்சின் ஓடாத நேரத்தில் எதிர்க்காற்று புகுந்தால், எஞ்சினுக்குள் காற்றைத் தள்ளும் டர்போ ஆயில் இல்லாமலே சுழன்று கெட்டுப்போகும். இது பாதுகாப்பு விஷயம் இல்லை, செலவு விஷயம். அப்புறம், ஏற்றி முடித்த பிறகு மொத்த உயரத்தை டேப் வைத்து அளக்க வேண்டும், "போன தடவை பாலத்துக்கு அடியில் போச்சே" என்ற ஞாபகத்தை நம்பிப் போகக் கூடாது. போன தடவை வேறு ட்ரெய்லராக இருந்திருக்கும்.

ஏற்றுகிற நேரம் தனி ஆபத்து. சமதளமான இடம் பார்த்து நிறுத்துங்கள், ஆபரேட்டர் சீட் பெல்ட் போடட்டும், சைகை காட்ட ஒரே ஒரு ஆள் போதும். நாலு பேர் நாலு பக்கமிருந்து கத்தினால் ஆபரேட்டர் யார் பேச்சைக் கேட்பார்?

கிளம்பிவிட்டீர்கள். டயர் வண்டி என்றால் குலுக்கலில் டயர் அமுங்கி எழும், சங்கிலி தானாகவே தளரும். செயின் வண்டியிலும் மீதிச் சேறு நசுங்கினால் அதே கதைதான். அமெரிக்க விதியில் முதல் 80 கிலோமீட்டருக்குள் ஒரு தடவை பார்க்கச் சொல்லியிருக்கிறது, ஆனால் மூன்று கிலோமீட்டர் போகிறவருக்கு அந்தச் சோதனை வரவே வராது. அதனால் எங்கள் டிரைவர்களிடம் நான் சொல்வது, கேட்டைத் தாண்டி முதல் கிலோமீட்டருக்குள் ஓரமாக நிறுத்தி எல்லாச் சங்கிலியையும் கையால் ஆட்டிப் பார்த்து மறுபடி இறுக்குங்கள் என்பதுதான். முனகுவார்கள், ஆனால் செய்கிறார்கள்.

போய்ச் சேர்ந்த பிறகு அவசரமாக நெம்புகோல் பைண்டரைத் திறக்கிறார்களே, அங்கேயும் கவனம். வழியில் சுமை கொஞ்சம் நகர்ந்திருந்தால் சங்கிலி வில் மாதிரி விறைத்து நிற்கும். கைப்பிடி தெறித்துத் தாடையை உடைத்துவிடும். அதனால்தான் எங்கள் வண்டிகளில் இப்போது ரேட்செட் பைண்டர் மட்டும், அது பல் பல்லாகத் திருகித் தளர்த்துகிற வகை. முகத்தைக் கைப்பிடியின் பாதையில் வைக்காமல் பக்கவாட்டில் நின்று, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். கைப்பிடியில் பைப்பைச் செருகி நெம்ப வேண்டாம்.