கரண்ட் ரேஷியோ: ஓட்டமா, நடையா?

மதுரை கீழமாசி வீதியில் மளிகை மொத்த வியாபாரம் செய்யும் அண்ணாச்சி ஒருவருக்கு நான் கணக்கு எழுதுகிறேன். வங்கியில் சி.சி. கடனை (கேஷ் கிரெடிட், சரக்கின் பேரில் ஒரு வரம்புவரை எடுத்துப் புரட்டும் கடன்) கூட்டிக் கேட்கப் போனவர் முகம் சுண்டித் திரும்பி வந்தார். “கரண்ட் ரேஷியோ இடிக்குதாம் தம்பி. கரண்டுக்கும் கடனுக்கும் என்னய்யா சம்பந்தம்?”

சம்பந்தம் இருக்கத்தான் செய்கிறது. ‘ஓடு’ என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போன சொல் ‘கரண்ட்’. ஆற்றில் ஓடும் நீர், கம்பியில் ஓடும் மின்சாரம், ஓடிக்கொண்டிருக்கும் ஆண்டு எல்லாவற்றுக்கும் அதே சொல்தான். நாம் மின்சாரத்துக்கு மட்டும் அதை அப்படியே வைத்துக்கொண்டு, கணக்குக்கு ‘நடப்பு’ என்றோம். ஆங்கிலத்தில் ஓடுவது தமிழில் நடக்கிறது! ஆனாலும் பொருத்தமான சொல்தான். ‘கடை நல்லா நடக்குதா?’ என்றுதானே நாமும் கேட்கிறோம்? நடப்புக் கணக்கு, நடப்புச் சொத்து, நடப்புப் பொறுப்பு, நடப்பு விகிதம் என்று வரிசையாக அமைந்துவிடுகிறது. இலங்கைத் தமிழர் ‘நடைமுறைக் கணக்கு’, ‘நடைமுறைச் சொத்து’ என்பார்கள். எனக்கு ‘நடப்பு’தான் பிடிக்கும், ‘நடைமுறை’ என்றால் வழக்கம் என்ற பொருளும் குறுக்கே வந்து நிற்கும்.

சுருக்கெழுத்துகள் இன்னும் குழப்பும். வங்கியில் ‘சி.ஏ.’ என்றால் நடப்புக் கணக்கு. ஐந்தொகையை (பேலன்ஸ் ஷீட்) அலசும் தாளில் அதே ‘சி.ஏ.’ நடப்புச் சொத்து. அந்தத் தாளில் கையெழுத்துப் போடுகிறவரும் ‘சி.ஏ.’, அதாவது பட்டயக் கணக்காளர். ‘சி.ஆர்.ஆர்.’ என்று காதில் விழுந்தால் பயப்பட வேண்டாம்: அது வங்கி ரிசர்வ் வங்கியிடம் வைக்க வேண்டிய ரொக்க இருப்பு விகிதம், நம் கடையின் கணக்கல்ல.

அண்ணாச்சியின் கணக்குக்கு வருவோம். ஓராண்டுக்குள் பணமாகக்கூடியது நடப்புச் சொத்து: சரக்கு 12 லட்சம், வெளியே நிற்கும் பாக்கி 6 லட்சம், ரொக்கமும் வங்கி இருப்பும் 2 லட்சம், ஆக 20 லட்சம். ஓராண்டுக்குள் கொடுக்க வேண்டியது நடப்புப் பொறுப்பு: கொள்முதல் பாக்கி 7, சி.சி. 8, ஆக 15 லட்சம். இருபதைப் பதினைந்தால் வகுத்தால் 1.33. அதுதான் கரண்ட் ரேஷியோ, நடப்பு விகிதம்.

பாடப்புத்தகம் 2 இருக்க வேண்டும் என்கிறது. வங்கி மேலாளர் மனதில் இருப்பதோ 1.33. வங்கிக் கடனுக்கு நெறிமுறை வகுக்க ரிசர்வ் வங்கி அமைத்த டாண்டன் குழு 1975-இல் தந்த அறிக்கையின் இரண்டாம் முறையிலிருந்து வருவது அது. நடப்புச் சொத்தில் கால் பங்கையாவது வியாபாரி தன் கையிலிருந்தோ நீண்டகாலக் கடனிலிருந்தோ போட வேண்டும். முக்கால் பங்குதான் குறுகிய காலக் கடனாக இருக்கலாம். நூறை எழுபத்தைந்தால் வகுத்துப் பாருங்கள், புரிந்துவிடும். அண்ணாச்சி சரியாகக் கோட்டின் மேல் நிற்கிறார். சொந்தப் பணம் போடாமல் சி.சி.யில் இன்னும் 2 லட்சம் எடுத்துச் சரக்குப் போட்டால் 22-க்கு 17, அதாவது 1.29. இடித்தது அங்கேதான்.

அதைவிட மேலாளர் கண்ணை உறுத்தியது வேறொன்றாக இருக்கலாம். சரக்கைக் கழித்துவிட்டு மீதியை மட்டும் பொறுப்போடு ஒப்பிடுவது ‘குயிக் ரேஷியோ’. பாடநூல் இதை ‘விரைவு விகிதம்’ என்கிறது. சொல்லுக்குச் சொல் வைத்த பெயர். எது விரைகிறது என்று அது சொல்வதில்லை. ‘உடன்பண விகிதம்’ என்றால் கடைக்காரருக்கே விளங்கும். அது 1 இருந்தால் நிம்மதி. அண்ணாச்சிக்கு 8-க்கு 15, அதாவது 0.53.

“பன்னெண்டு லட்சமும் மிளகா மூட்டையா குடோன்ல கெடக்குல்ல தம்பி” என்றார். விலை ஏறட்டும் என்று காத்திருக்கிறாராம்.