செலுத்தப்படாத கட்டணமும் 75 டைட்டன்களும்

2014 ஜனவரி 27 அன்று, 'ஈவ் ஆன்லைன்' என்ற விண்வெளி விளையாட்டில், பி-ஆர்5ஆர்பி எனப்படும் விண்மீன் மண்டலத்துக்கான பராமரிப்புக் கட்டணம் உரிய நேரத்தில் செலுத்தப்படாமல் போயிற்று. ஒரு பெரிய கூட்டணி தன் போர்க்கப்பல்களை நிறுத்தி வைத்திருந்த தளம் அது. கட்டணம் தவறியதும் மண்டலத்தின் மீதான உரிமை காலாவதியாக, எதிரணி உடனே உள்ளே புகுந்தது. சுமார் 21 மணி நேரம் நீடித்த அந்தச் சண்டையில் 7,500க்கும் மேற்பட்ட விமானிகள், அதாவது இணையவழி ஆடும் ஆட்டக்காரர்கள், பங்கெடுத்தார்கள். விளையாட்டிலேயே மிகப் பெரிய கப்பல் வகையான டைட்டன்களில் 75 அழிந்தன. இழப்பின் மதிப்பு ஏறத்தாழ 3 லட்சம் அமெரிக்க டாலர் எனக் கணக்கிடப்பட்டது.

இந்தப் போருக்கு எவரும் கதை எழுதி வைத்திருக்கவில்லை. விளையாட்டை உருவாக்கிய சிசிபி நிறுவனத்தார் ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக் நகரில் இருந்தபடி, மற்றவர்களைப் போலவே அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சில விதிகளை மட்டும் வகுத்துவிட்டு ஒதுங்கி நிற்கும் ஒரு மென்பொருளுக்குள் இப்படியொரு போர் எப்படி விளைகிறது என்பதே இங்கு நாம் காண வேண்டியது.

இவ்வகை விளையாட்டுகளைச் சாண்ட்பாக்ஸ் என்பார்கள், அதாவது மணல்தொட்டி. நமக்கு இது புதிய கற்பனை அன்று. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் சிற்றில் பருவத்தில், மணலில் வீடு கட்டி விளையாடும் சிறுமியர், அதைக் காலால் சிதைக்க வரும் சிறுவனிடம் வேண்டாமென்று மன்றாடுவார்கள். கட்டும் உரிமையும் கலைக்கும் உரிமையும் ஒரே மணலில் இருக்கின்றன. ஈவ் ஆன்லைனின் ஆழம் முழுவதும் இந்த இரண்டாவது உரிமையை அது உண்மையாகவே வழங்கியதில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

2003 மே மாதம் வெளியான இந்த விளையாட்டில் 7,000க்கும் மேற்பட்ட விண்மீன் மண்டலங்கள் உள்ளன. பெரும்பாலான இணைய விளையாட்டுகள் ஒரே உலகத்தின் பல பிரதிகளை வெவ்வேறு சர்வர்களில் இயக்கி, ஆட்களைப் பிரித்து அமர்த்துகின்றன. ஈவ் அப்படிச் செய்வதில்லை. சீனாவுக்கென இயங்கும் தனிச் சர்வர் நீங்கலாக, உலகெங்கும் உள்ள அனைவரும் டிராங்குவிலிட்டி என்ற ஒரே பிரபஞ்சத்தில் இருக்கிறார்கள். எனவே ஒருவர் செய்த துரோகத்தை வேறு சர்வருக்குப் போய் மறைக்க முடியாது, ஒருவர் கைப்பற்றிய மண்டலத்துக்கு இன்னொரு பிரதியும் கிடையாது.

பொருளாதாரத்தை விளக்க ரிஃப்டர் என்ற ஒரு சிறு போர்க்கப்பலை எடுத்துக்கொள்வோம். யாரோ ஒருவர் விண்கல் கூட்டத்தின் நடுவே கப்பலை நிறுத்தி, வெல்ட்ஸ்பார் என்ற மிக மலிவான தாதுவை லேசரால் வெட்டுகிறார். அதை உருக்கினால் ட்ரைட்டானியம் கிடைக்கிறது. அது ஒரு நிலையத்தில் விற்கப்படுகிறது. வாங்கியவர் வேறு மூன்று கனிமங்களையும் சேர்த்து, வரைபடத்தின்படி ரிஃப்டரைத் தயாரிக்கிறார். தயாரான கப்பல் தானாகச் சந்தைக்குப் போய்ச் சேராது. ஜிட்டா போன்ற வணிக மண்டலத்துக்கு அதை ஒருவர் சரக்குக் கப்பலில் ஏற்றி, மண்டலங்களை இணைக்கும் வாயில்களை ஒவ்வொன்றாகக் கடந்து கொண்டு போக வேண்டும். விலையை நிறுவனம் நிர்ணயிப்பதில்லை. வாங்கவும் விற்கவும் பதிவான கோரிக்கைகள் சந்திக்கும் இடமே விலை. இரு பகுதிகளுக்கிடையே விலை வேறுபட்டால், அந்த வேறுபாட்டை வைத்தே பிழைக்கும் வணிகர் உருவாகிறார். வணிகர் என்ற பதவியை விளையாட்டு யாருக்கும் தருவதில்லை, தூரம் என்ற ஒரே விதி அவரை உண்டாக்கிவிடுகிறது.

அந்த ரிஃப்டர் சண்டையில் வெடித்தால் திரும்பி வராது. அதிலிருந்த கருவிகளில் ஒரு பகுதி சிதைவில் எஞ்சும், மீதி இல்லாமலே போகும். பணம் அழிவதில்லை, பொருள்தான் அழிகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். பொருள் அழிவதால்தான் மறுநாளும் சுரங்கக்காரருக்கு வேலை இருக்கிறது. பணத்தின் அளவைக் கட்டுக்குள் வைக்க விற்பனை வரி, தரகுக் கட்டணம், மண்டலங்களின் பராமரிப்புக் கட்டணம் ஆகியவை அதைப் புழக்கத்திலிருந்து உறிஞ்சிக்கொண்டே இருக்கின்றன. இந்த ஓட்டங்களைக் கண்காணிக்க 2007இல் சிசிபி, எய்யோல்ஃபுர் குத்முந்த்சன் என்ற பொருளியலாளரையே பணியமர்த்தியது. பிற்காலத்தில் அவர் ஐஸ்லாந்தின் அக்குரேரி பல்கலைக்கழகத்துக்குத் தலைவரானார்.

காவலும் ஒரு விதிதான். ஒவ்வொரு மண்டலத்துக்கும் ஒரு பாதுகாப்பு எண் உண்டு. அது 0.5 அல்லது அதற்கு மேல் உள்ள இடங்களில் தகாத தாக்குதல் நடத்துபவரைக் காங்கார்ட் என்ற காவற்படை வந்து அழித்துவிடும். ஆனால் அது தண்டிக்குமே தவிரக் காக்காது. வந்து சேரச் சில நொடிகள் ஆகும். அந்த நொடிகளுக்குள் ஒரு சரக்குக் கப்பலை உடைக்கத் தேவையான மலிவான கப்பல்களின் மொத்த விலையைவிடச் சரக்கின் மதிப்பு அதிகமாக இருந்தால், தம் கப்பல்கள் அழிவது உறுதி என்று தெரிந்தே சிலர் தாக்குவார்கள். ஆகவே அனுபவமுள்ள வணிகர் புறப்படுமுன் தம் சரக்கின் மதிப்பைக் கூட்டிப் பார்த்து, அதிகமானால் இரண்டு பயணங்களாகப் பிரித்துக்கொள்வார். புதியவருக்குத் திரையில் தெரிவது ஒரு பெயர்ப்பட்டியலும் சில எண்களுமே. இந்தக் கணக்கு எங்கும் எழுதியிருக்காது.

எண் 0.0க்கு இறங்கிய வெளியில் காவலே இல்லை. அங்கே கூட்டணிகள் தாமே நாடுகளைப் போல ஆள்கின்றன, நம்பிக்கையே அவற்றின் உள்கட்டுமானம். 2009இல் பேண்ட் ஆஃப் பிரதர்ஸ் என்ற வலிமைமிக்க கூட்டணியின் நிர்வாகிகளுள் ஒருவர் எதிரணிக்குச் சாய்ந்தார். தமக்கிருந்த நிர்வாக அதிகாரத்தாலேயே அந்தக் கூட்டணியைக் கலைத்துவிட்டார். பல ஆண்டுப் போரால் ஆகாதது ஒரு பொத்தானால் ஆயிற்று. நிறுவனம் அதைத் திருப்பிவிடவில்லை. அன்று நிலத்தை இழந்தவர்களுக்கு அது எவ்வளவு வலித்திருக்கும் என்பதை எண்ணாமல் இருக்க முடியவில்லை. ஆயினும் திருப்பியிருந்தால், அதற்குப் பிறகு எந்த நம்பிக்கைக்கும் பொருள் இருந்திருக்காது.

இத்தனை சுதந்திரத்துக்கும் கணினியின் தரப்பில் ஒரு விலை இருக்கிறது. சர்வர் ஒரு நொடிக்கு ஒருமுறை துடிக்கிறது. அந்த நொடியில் வந்த கட்டளைகளை எல்லாம் திரட்டி நிறைவேற்றி, விளைவைச் சுற்றியுள்ள அனைவருக்கும் அறிவிக்கிறது. 100 கப்பல்கள் இருந்தால், ஒவ்வொன்றின் செயலையும் மற்றவற்றுக்குச் சொல்ல ஏறத்தாழ 10,000 செய்திகள் தேவைப்படும். 1,000 கப்பல்களுக்கு அது 10 லட்சமாகிவிடும். கூட்டம் 10 மடங்கானால் சுமை 100 மடங்கு. ஒரு மண்டலத்தின் கணக்கு பைத்தான் மொழியில், கணினிச் செயலியின் ஒரே கருவில் (கோர்) ஓடுவதால், அதைப் பல கணினிகளுக்குப் பங்கிட்டுத் தரவும் இயலாது. ஆள்களின் எண்ணிக்கைக்கு வரம்பு வைப்பது எளிய வழி. ஆனால் எத்தனை பேரைத் திரட்ட முடியும் என்பதே போரின் பாதி என்னும்போது, வரம்பு வைத்தால் போர் பொய்யாகிவிடும்.

சிசிபி காலத்தையே மெதுவாக்கியது. சுமை கூடும்போது அந்த மண்டலத்தின் கடிகாரம் தளர்ந்து, இயல்பான வேகத்தில் 10 விழுக்காடு வரை இறங்கும். அப்போது ஒரு மணி நேரச் சண்டை என்பது விளையாட்டுக்குள் ஆறே நிமிடம். அதற்கு முன்பெல்லாம் கட்டளைகள் வரிசையில் சிக்கி, பீரங்கி சுட்டதா இல்லையா என்று தெரியாமலே கப்பல் அழிவதுண்டு. இப்போது எல்லோரும் ஒரே அளவில் தாமதமாகிறார்கள், முடிவு எடுத்தவரின் முடிவு செல்லுபடியாகிறது. நியாயத்துக்காக வேகத்தை விட்டுக்கொடுத்த இந்தத் தீர்வை நான் பெரிதும் மதிக்கிறேன்.

பி-ஆர்5ஆர்பி சண்டை அவ்வளவு நேரம் நீண்டதற்குக் காரணமும் இதுவே. சர்வர் தினமும் கிரீன்விச் நேரப்படி 11 மணிக்குப் பராமரிப்புக்காகச் சிறிது நேரம் நிறுத்தப்படும். அந்த நேரம் நெருங்கியபோதுதான் எஞ்சிய கப்பல்கள் களத்தைவிட்டு விலகின. உடைந்த டைட்டன்களின் நினைவாக, அள்ளவோ உருக்கவோ முடியாத பெரும் சிதைவுகளைச் சிசிபி அந்த மண்டலத்திலேயே நிறுவியது.